முதுகைப் பார்த்து எழுதாதே

எண்பதுகளில் ஏற்காட்டில் ஒரு சின்ன நூலகத்தை நான்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். ஊர்க்காரர்கள் கமிட்டி போட்டு நடத்தியது. புத்தகங்களில் பாதி, எஸ்டேட் துரைமார்கள் ஊரைவிட்டுப் போகும்போது பீரோவோடு கொடுத்துவிட்டுப் போனவை. அதனால் பீரோதான் புத்தகத்துக்கு விலாசம். "கரடியூர் எஸ்டேட் பீரோவுல மேல் தட்டு, செவப்பு அட்டைங்க" என்று வந்து கேட்பார்கள், எடுத்துக் கொடுப்பேன். ஒரு புத்தகத்துக்கு ஒரே கார்டு. அட்டையின் முதுகில் எந்தப் பெயர் பொறித்திருக்கிறதோ அதுதான் கார்டில் ஏறும். இதில் யாருக்கும் குறையில்லை, ஒரே ஒரு அம்மாவைத் தவிர.

அவர் மிஷன் பள்ளி விடுதியில் சமையல் செய்தவர். அவருடைய அப்பா எஸ்டேட்டில் ரைட்டர், கணக்கு எழுதுகிறவர். மகள் தொட்டிலில் கிடந்தபோதே அவர் காய்ச்சலில் போய்விட்டார். ஒரு போட்டோகூட இல்லை. துரை இங்கிலீஷில் எழுதிய காப்பி விவசாயப் புத்தகத்தை உன் அப்பாதான் தமிழில் எழுதி அச்சுக்குக் கொடுத்தார் என்று பெற்றவள் சொல்லி வைத்திருந்தாள். அந்த ஒரு பேச்சைப் பிடித்துக்கொண்டு, கடைவீதிக்கு வரும்போதெல்லாம் எங்களிடமும் வந்துவிடுவார்.

"ஏனுங்க, எங்கப்பா புஸ்தகம் ஏதாச்சும் தட்டுப்பட்டுச்சுங்களா?"

தமிழ் பீரோவை அவரே எத்தனையோ தடவை அலசியிருந்தார். இல்லவே இல்லை. "ரைட்டரு கூலியாளுங்க பேர் டாப்பு எழுதியிருப்பாரு, புஸ்தகமா எழுதுனாரு?" என்று சொந்தக்காரர்களே சிரிப்பார்களாம். அதைச் சொல்லும்போது அவர் முகத்தைப் பார்க்க எனக்குப் பொறுக்காது.

இந்த நேரத்தில்தான் புது விதி வந்தது. சேலத்தில் பயிற்சி வகுப்பு வைத்துச் சொன்னார்கள். உலகத்து நூலகங்கள் எல்லாம் ஒரே மாதிரி கார்டு எழுத வேண்டுமாம். முதுகைப் பார்த்து எழுதக் கூடாது, உள்ளே தலைப்புப் பக்கத்தையும் அதன் பின்பக்கத்தையும் படித்துத்தான் எழுத வேண்டும். எழுதியவருக்கு ஒரு கார்டு, மொழிபெயர்த்தவருக்கு ஒன்று, தொகுத்தவருக்கு ஒன்று. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இருக்கிற கார்டே மூடுபனியில் அப்பளம் மாதிரி வளைந்துகொள்கிறது, இழுப்பறைக்குள் பல்பு போட்டுக் காயவைக்கிறேன், இதில் மூன்று மடங்கா? விதி எழுதின மகராசன் ஒரு மழைக்காலம் எங்கள் மலையில் வந்து உட்காரட்டும் என்று பக்கத்து நாற்காலிக்காரரிடம் முணுமுணுத்தேன்.

எங்கள் செயலாளர் மளிகைக் கடைக்காரர். விஷயத்தைச் சொன்னதும் தலையில் கைவைத்துக்கொண்டார்.

"வேலில போற ஓணான எடுத்து மடில உட்டுக்காதீங்க அம்மணி. பீரோ பேரச் சொல்லி வர்ற சனமுங்க. இழுப்பறையில தேடுன்னா திரும்பிப் பாக்காமப் போயிருவாங்க. பாதில நின்னா பழசுமில்ல, புதுசுமில்ல."

அவர் சொன்னதும் நியாயம்தான். கடைசியில் ஒரு பீரோவை மட்டும் செய்து பார்ப்பது, சரிப்படாவிட்டால் விட்டுவிடுவது என்று முடிவாயிற்று. யாருக்கும் தொந்தரவு வேண்டாமென்று, ஒருவரும் தொடாத ஒரு இங்கிலீஷ் பீரோவைத் திறந்தேன். எல்லாம் ஒரே பழுப்புத் தோல் பைண்டிங், முதுகில் தங்க எழுத்தில் அவற்றை வைத்திருந்த துரையின் பெயர் மட்டும். கடனே என்று ஒவ்வொன்றாகப் பிரித்து உள்ளே படித்து எழுதிக்கொண்டு வந்தேன்.

அப்படி ஒன்றைப் பிரித்தால் உள்ளே தமிழ்.

துரை தன் புத்தகங்களோடு சேர்த்து அதையும் பைண்டிங்குக்குக் கொடுத்திருக்கிறார், எல்லாவற்றுக்கும் போட்ட பெயரை இதற்கும் போட்டுவிட்டார்கள். இங்கிலீஷ் என்றே நாற்பது வருஷம் போல அந்தத் தட்டில் இருந்திருக்கிறது. தலைப்புப் பக்கத்தில் காப்பி விவசாயம். பின்பக்கத்தில் பொடி எழுத்தில், தமிழில் எழுதியவர் எஸ்டேட் ரைட்டர் இன்னார். அந்த அம்மா எனக்கு மனப்பாடமாகும்வரை சொல்லியிருந்த அதே பெயர்.

சேர்வராயன் மலை கிழக்கா மேற்கா என்று தெரியாதவர்கள், எங்கோ ஒரு மேஜையைச் சுற்றி உட்கார்ந்து பேசி எழுதின விதி. துரை என்று இருந்தால் பின்னால் ஒரு ரைட்டர் இருப்பான், பொடி எழுத்தில் இருந்தாலும் அவனையும் தேடி எடு என்று யாருக்கோ தோன்றியிருக்கிறதே! அடேயப்பா, எவ்வளவு பெரிய மனசு! திட்டின வாயாலேயே கையெடுத்துக் கும்பிட்டேன்.

செயலாளரிடம் காட்டினேன். "ஆத்தாடி, இங்கயேவா இருந்துச்சு!" என்றவர், முதுகையும் உள்பக்கத்தையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். பிறகு, "மத்த பீரோவையும் தொறந்துருங்க" என்றார்.

விடுதிக்குச் சொல்லியனுப்பினேன். அந்த அம்மா ஈரக்கையை முந்தானையில் துடைத்தபடியே வந்தார். அவருடைய அப்பா பெயரை முதல் வரியாகப் போட்ட கார்டை நீட்டினேன். விரல் வைத்து எழுத்து எழுத்தாகப் படித்தார். புத்தகத்தைக் கையில் வாங்கி, பெஞ்சில் உட்கார்ந்து பிரித்தார்.

நடுவில் ஏதோ ஒரு பக்கம் திறந்தது. காப்பிச் செடியில் கிளை கழிக்கிற கவாத்துப் பாடம். தோட்டத்து ஆட்களுக்குப் புரியட்டும் என்று அந்த மனிதர் பேச்சுத் தமிழிலேயே எழுதியிருந்தார். விடுதிப் பிள்ளைகளுக்கு ஜெபம் சொல்லிக்கொடுக்கிற குரலில் அந்த அம்மா வாய்விட்டு வாசிக்க ஆரம்பித்தார்.

"மொதத் தடவ கத்தி புடிக்கறயா கண்ணு? பயப்படாத. நான் சொல்லச் சொல்ல வெட்டு."

பேப்பர் படித்துக்கொண்டிருந்தவர்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். சத்தம் போடாதீங்க என்று ஒருவரும் சொல்லவில்லை. அந்த அம்மா முதல் வரியை இன்னொரு முறை வாசித்து, 'கண்ணு' என்ற இடத்தில் விரலை வைத்தபடியே என்னைப் பார்த்தார்.

"எங்கப்பா என்னைய எப்படிக் கூப்புட்டிருப்பாருன்னு இத்தன நாளா தெரியாதுங்க" என்றார்.