பசுவின் மரபணுவும் என் தலைவர் பதவியும்

நான் கல்லூரியில் விலங்கியல் துறைத் தலைவராக இருந்து ஓய்வு பெற்றவன். எங்கள் உறவினர் சங்கத்தின் தலைவன். எங்கள் ஊரான வேங்கிக்காலில் என் வீட்டுக்கு ஆட்டோக்காரர்கள் முகவரி கேட்பதில்லை. பொய் பேசாமை எங்கள் வம்சத்துக்கு ரத்தத்திலேயே உண்டென்று கூட்டந்தோறும் சொல்லிவந்தேன். எவரும் மறுத்ததில்லை. என் மைத்துனர் மட்டும் இருமுவார்.

குணத்தில் எவ்வளவு பிறப்பால் வருகிறது, எவ்வளவு பழக்கத்தால் என்று ஆராயும் இளம்பெண் ஒருவர் செங்கம் சாலையில் அறையெடுத்துத் தங்கி, எங்கள் உறவினர்களிடம் மரபணுச் சோதனைக்கு எச்சில் கேட்டார். முதல் ஆளாக நானே போனேன்.

"அரை மணி நேரமா எதுவும் சாப்பிடல, குடிக்கலதானே சார்?"

"பச்சைத் தண்ணிகூட பல்லுல படலம்மா."

அப்படியே எழுதிய படிவத்தில் கையெழுத்திட்டேன். ஒரு பெண்ணின் எதிரே துப்புவது முறையன்று; சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டு குழாயை நிரப்பினேன்.

தலைவர் தேர்தலன்று அறிக்கை வந்தது. மேடையிலேயே உறையைப் பிரித்து, வகுப்பறைக் குரலில் வாசித்தேன்: "மாதிரியில் பசுவின் மரபணு கலந்துள்ளது. ஆய்வுக்குப் பயன்படாது." நிறுத்தியிருக்கலாம். தொடங்கிய வாக்கியத்தைப் பாதியில் விடும் வழக்கம் எனக்கில்லை.

மைத்துனர் எழுந்தார். "மாமா, எதுவும் சாப்பிடலன்னு கையெழுத்து போட்டிருக்கீங்க. ரெண்டுல ஒண்ணு சொல்லிடுங்க, அப்புறம் ஓட்டு போடுறோம். பொய்யா, வாலா?"

மண்டபம் சிரித்தது. அப்போதுதான் நினைவு வந்தது: எச்சில் கொடுத்த அன்று காலை கோயிலில் குருக்கள் உள்ளங்கையில் ஊற்றிய அபிஷேகப் பாலைக் குடித்துவிட்டு, நேரே ஆட்டோ ஏறியிருந்தேன்.

"அது பிரசாதம்யா! சாப்பாட்டுல சேராது."

"அது மெஷினுக்குத் தெரியுமா மாமா?"

முன்வரிசையிலிருந்த எனக்கு அத்தை முறையாகும் அம்மாள் ஒருவர், "விரதத்துலயே குடிக்கிறோம், இதுல என்னாடா தப்பு? நானும் குடிச்சிட்டுதான் துப்பினேன்" என்றார். பின்னாலிருந்து இன்னும் பல கைகள் உயர்ந்தன. யாரோ மைத்துனரின் சட்டைப்பையிலிருந்த அவரது அறிக்கை உறையை உருவி வாசித்தார்கள். அதிலும் பசு.

இருமலே இல்லாமல் அவர் உட்கார்ந்தார். எல்லோரும் இப்படி ஒப்புக்கொண்ட நேர்மை ரத்தத்தில் வந்ததா, கோயிலில் பழகியதா என்பதை அந்தப் பெண் கண்டுபிடிக்கட்டும். கைதூக்கி என்னையே மறுபடியும் தலைவராக்கினார்கள்.

என் அறிக்கையில் எருமை இருந்ததாக மைத்துனர் இன்றும் ஊரெல்லாம் சொல்லித் திரிகிறார். தவறு. அதில் இருந்தது பசு.