வாய் திறக்கணும் தாயே!

எங்கள் நித்யா பேசுவதை நிறுத்தியது மாசி மாதக் கடைசியில். சண்டை போட்டு நிறுத்தவில்லை. காய்ச்சல் வந்தும் நிறுத்தவில்லை. ஒரு சாயங்காலம் கல்லூரியிலிருந்து வந்தாள், பையைக் கழற்றி வைத்தாள். "இன்னா நித்யா, சோறு போடட்டா?" என்று அத்தை, அதாவது என் மாமியார், கேட்டதற்குத் தலையை மட்டும் ஆட்டினாள். மறுநாளும் அப்படித்தான். அதற்கு மறுநாளும். பிறகுதான் எங்களுக்குப் பயம் வந்தது.

நித்யா என் நாத்தனார், என் கணவரின் ஒரே தங்கை. பொன்னேரியில் ஒரு கல்லூரியில் விலங்கியல் கடைசி வருஷம் படித்துக்கொண்டிருந்தாள். நான் ஆந்திர எல்லையோரத்துச் சுண்ணாம்புக்குளத்தில் பிறந்தவள். பி.எஸ்சி. முடித்த கையோடு, பழவேற்காட்டுக்கு எதிரே ஏரிக்கும் கடலுக்கும் நடுவில் இருக்கிற இந்தக் குப்பத்துக்கு மருமகளாக வந்தேன். எங்கள் இருவருக்கும் வயது வித்தியாசம் அதிகமில்லை. துணி துவைக்க உட்கார்ந்தால் ஆரம்பிக்கிற பேச்சு, துணி காய்ந்து மடித்து வைத்த பிறகும் முடியாது. என் கணவர் காட்டுப்பள்ளித் துறைமுகத்தில் ஷிப்ட் வேலைக்குப் போகிறவர். "உங்க ரெண்டு பேருக்கும் ரேடியோ பொட்டியில சுவிட்சே வெக்கல" என்று அடிக்கடி சொல்வார். அப்படிப்பட்ட பெண் ஊமையாகிவிட்டாள்.

என்ன நடந்தது என்று அவளுடைய தோழிதான் போனில் சொன்னாள். வகுப்பில் செமினார். நித்யா எழுந்து போய் நின்றிருக்கிறாள். முதல் வரி நன்றாக வந்திருக்கிறது. இரண்டாவது வரி மறந்துவிட்டது. ஏதாவது சொல்ல வேண்டுமே என்று வாயைத் திறந்திருக்கிறாள், சத்தம் வரவில்லை. மறுபடி திறந்திருக்கிறாள். பின் பெஞ்சிலிருந்து ஒரு குரல்: "கரையில போட்ட மீன் மாதிரி வாயத் தொறந்து தொறந்து மூடுறா பாரு!" வகுப்பே சிரித்துவிட்டது. ஒரு நிமிஷச் சிரிப்புதான். அடுத்த மணி அடித்ததும் எல்லோரும் அதை மறந்திருப்பார்கள். மீன்பிடிக்கிற வீட்டுப் பெண்ணால் மறக்க முடியுமா?

டாக்டரிடம் கூட்டிப்போனோம். டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, "தொண்டை நல்லா இருக்கு. இது பயம். தானா பேசுவா, அவசரப்படுத்தாதீங்க" என்றார். அவசரப்படுத்தாமல் இருக்க எனக்குத் தெரியாது. நான் எதையும் ஓடிக்கொண்டே செய்கிறவள். யூடியூபில் தேடித் தேடி வீடியோ போட்டுக் காட்டினேன். கண்ணாடி முன்னால் நிற்க வைத்தேன். தேன் கொடுத்தேன், அதிமதுரம் கொடுத்தேன். காலையிலிருந்து ராத்திரிவரை அவளுக்கும் சேர்த்து நானே பேசினேன். அவள் இன்னும் உள்ளே போனாள்.

பங்குனி பிறந்தது. சித்திரையில் கடைசிப் பரீட்சைகள். எழுத்துப் பரீட்சையை வாய் திறக்காமலே எழுதிவிடலாம். ஆனால் அவளுக்கு வைவா இருந்தது. எங்கள் ஏரி நண்டுகளைப் பற்றி ஒரு வருஷமாக ப்ராஜெக்ட் செய்திருந்தாள். மாமா, அதாவது அவள் அப்பா, பிடித்துவந்த ஒவ்வொரு நண்டையும் அளந்து, எடை போட்டு, எழுதி, பைண்டிங்கும் போட்டாயிற்று. வெளியிலிருந்து வருகிற ஆசிரியர் கேட்கும்போது பதில் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் பட்டம் கிடையாது.

"வைவான்னா இன்னாமே?" என்று அத்தை கேட்டார்.

"வாயால பரீட்சை, அத்தை."

"ஐயோ! கையால எழுதிக் குடுத்தா ஒத்துக்க மாட்டாங்களா?"

 மாமாவோ, "பட்டம் கெடக்குது. என்னை ஒருவாட்டி 'நைனா'னு கூப்பிட்டா போதும்" என்றார். சட்டென்று எழுந்து வெளியே போய்விட்டார்.

அன்றைக்கு நித்யா என் போனுக்கு ஒரு செய்தி அனுப்பினாள். பக்கத்து அறையிலிருந்துதான். "அண்ணி, நான் பரீட்சைக்குப் போகல. என்னை விட்டுடுங்க." அந்த இரண்டாவது வரியை மறுபடி மறுபடி படித்தேன். எதை விடச் சொல்கிறாள்? பரீட்சையையா, அவளையேவா? உள்ளே ஓடிப்போய் அவளைக் கட்டிக்கொண்டேன்.  

இனி மனுஷரால் ஆகாது என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

இந்த இடத்தில் எங்கள் ஊர் விஷயம் ஒன்று சொல்ல வேண்டும். ஏரியும் கடலும் சேருகிற முகத்துவாரத்தை எங்கள் குப்பத்தில் 'வாய்' என்றுதான் சொல்வார்கள். "வாய்க்கு அந்தாண்ட போனான்", "வாய்ல தண்ணி கம்மி" என்று. அந்த வருஷம் மணல் சேர்ந்து வாய் மூடிப்போயிருந்தது. கடல் தண்ணீர் உள்ளே வராவிட்டால் இறால் வராது, மீனும் வராது. ஏரித் தண்ணீர் வெயிலில் காய்ந்து உப்புக் கரித்தது. ஊரில் எங்கே திரும்பினாலும் இதே பேச்சு.

பங்குனி வெள்ளிக்கிழமை, எங்கள் கங்கையம்மன் கோவிலில் பொங்கல் வைத்தோம். நித்யா என் பக்கத்தில் நின்றாள். பூசாரி ஒவ்வொருவரிடமும் வேண்டுதலைக் கேட்டு அம்மனிடம் சொல்வது எங்கள் கோவில் வழக்கம். என் முறை வந்தது. "சொல்லுமா, இன்னா வேண்டுதல்?" சுற்றிலும் ஊர்ப் பெண்கள். நித்யா பேரைச் சொன்னால் அத்தனை பேரும் அவளைத் திரும்பிப் பார்ப்பார்கள். அதனால் பேரை விட்டுவிட்டு, கண்ணை மூடிக்கொண்டு சொன்னேன்:

"வாய் தொறக்கணும்."

பூசாரி கூட்டத்தின் பக்கம் திரும்பினார். பிறகு கோவில் முழுக்கக் கேட்கும்படி கத்தினார்: "கேட்டீங்களா? எல்லாரும் தனக்குத் தனக்குனு கேட்டீங்க. வாழ வந்தவ ஊருக்காகக் கேக்குறா! தாயே, வாய் தொறக்கணும்!"

நான் கண்ணைத் திறந்தேன். ஆண்கள்கூட வெளியிலிருந்து உள்ளே வந்துவிட்டார்கள். எல்லோரும் கையைத் தலைக்கு மேலே தூக்கினார்கள். "வாய் தொறக்கணும் தாயே! வாய் தொறக்கணும்!" ஒரு அம்மாவுக்கு அழுகையே வந்துவிட்டது. என் அத்தையும் கும்பலோடு சேர்ந்து கத்தினார். 'இல்லைங்க, நான் சொன்னது வேற' என்று சொல்ல எனக்கு வாயே எழவில்லை.

அப்போது என் இடது பக்கத்தில் ஒரு சத்தம் கேட்டது. புடவைத் தலைப்பை வாயில் வைத்து அழுத்தியபடி நித்யா குலுங்கிக்கொண்டிருந்தாள். அழுகிறாளோ என்று பதறிப்போய்ப் பார்த்தேன். சிரிக்கிறாள். மூக்கால் சிரிப்பு பீறிட்டுக்கொண்டு வருகிறது. வாரக்கணக்காகச் சத்தமே கேட்காத தொண்டையிலிருந்து.

வீட்டுக்குத் திரும்புகிற மணல் வழியில், கட்டைக் குரலில், பாதி காற்றாக வந்தது: "ஊரையே கூட்டிட்டீங்களே, அண்ணி."

நான் துள்ளிக் குதித்திருக்க வேண்டும், 'இன்னொருவாட்டி சொல்லு' என்று பிடுங்கியிருக்க வேண்டும். அதுதான் என் குணம். ஆனால் கோவிலில் அடைத்துக்கொண்ட என் வாய் இன்னும் திறக்கவில்லை. வெறுமனே அவள் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தேன். என் சத்தம் இல்லாத அந்த வழியில் அவள் இன்னும் ஒரு வாக்கியம் பேசினாள். பிறகு இன்னொன்று. அம்மனிடம் அவள் வாயைத் திறக்கச் சொன்னேன். அம்மன் முதலில் என் வாயை மூடினாள். இதை நான் முழு மனதோடு நம்புகிறேன்.

அதற்குப் பிறகு என்னிடம் மட்டும் பேசினாள். மற்றவர் வந்தால் நிறுத்திவிடுவாள். நானும் அவசரப்படுத்தவில்லை. பழவேற்காட்டில் சாமான் வாங்கப் போகும்போது ஒல்லாந்தர், அதாவது டச்சுக்காரர், கல்லறைப் பக்கம் கூட்டிப்போனேன். அங்கே ஆள் நடமாட்டம் இருக்காது. வாசலில் கல்லில் செதுக்கிய இரண்டு எலும்புக்கூடுகள் நிற்கின்றன. அவர்களுக்கு முன்னால் நின்று ப்ராஜெக்ட்டைச் சொல்லிப் பார்த்தாள்.

"இவங்க சிரிக்க மாட்டாங்க, அண்ணி."

"ஏற்கெனவே பல்லைக் காட்டிட்டுதானே நிக்கிறாங்க!" என்றேன். அவளே சிரித்துவிட்டாள்.

ஆனால் எலும்புக்கூடு கேள்வி கேட்காது. வைவாவில் மனுஷர்கள் உட்கார்ந்திருப்பார்கள். சித்திரை பிறந்துவிட்டது. எனக்குத் தூக்கம் வரவில்லை. 'தாயே, மனுஷங்க முன்னாடி ஒரே ஒருவாட்டி பேச வெச்சிடு' என்று கேட்டுக்கொண்டே இருந்தேன்.

வைவாவுக்கு முந்தின நாள். ஹால் டிக்கெட்டை ஜெராக்ஸ் எடுக்க இருவரும் படகில் ஏறினோம். படகு நிறைய ஆட்கள். மீன் விற்கிற பார்வதி அக்கா கூடையை மடியில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"இன்னா மருமவளே, நீ வேண்டினது அம்மன் காதுல விழலியா? வாய் இன்னும் மூடித்தான் கெடக்குது!"

படகே சிரித்தது. இன்னொருவர், "சுண்ணாம்புக்குளத்து வேண்டுதல் ஆந்திரா பக்கம் போய்டுச்சோ இன்னாவோ" என்றார். மறுபடியும் சிரிப்பு. அந்தச் சிரிப்பைக் கேட்டு நித்யா சுருங்கிவிடுவாளே என்றுதான் எனக்குப் பதற்றம். திரும்பிப் பார்த்தேன். அவள் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள்.

"அக்கா, அண்ணி ஏரி வாயைக் கேக்கல. என் வாயைக் கேட்டாங்க."

எஞ்சின் சத்தத்தையும் மீறிக் கேட்டது.  பார்வதி அக்கா கூடையைக் கீழே வைத்தார்.

"அடிப்பாவி! அப்போ நாங்கல்லாம் கையத் தூக்கிக் கத்தினது உனக்கா?"

"ஆமா."

"பலிச்சிடுச்சா?"

"பேசிட்டுதானே இருக்கேன்."

பார்வதி அக்கா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "அப்போ இன்னும் நல்லா பேசுடி. தொண்டை கிழியக் கத்தியிருக்கோம், சும்மாவா?"

நித்யா பேசினாள். நாளைக்குப் பரீட்சை என்றாள், நண்டைப் பற்றி என்றாள். "நண்டைப் பத்தி இன்னா பரீட்சை?" என்று ஒருவர் கேட்டார். ஓடு கழற்றுகிற நண்டு எங்கே ஒளிகிறது, சினை நண்டு ஏன் கடலுக்குப் போகிறது, வாய் மூடினால் அதற்கு என்ன கஷ்டம் என்று அவள் சொல்லச் சொல்ல, ஆளாளுக்குக் கேள்வி கேட்டார்கள். ஒருவர் மறுத்துப் பேசினார். இவள் விடவில்லை. படகு கரை தட்டியது, யாரும் எழுந்திருக்கவில்லை. "எறங்குங்கப்பா, நான் அடுத்த டிரிப் போவணும்" என்று படகுக்காரர் கத்தினார்.

மறுநாள் பொன்னேரியில், கல்லூரி மரத்தடியில் நான் உட்கார்ந்திருந்தேன். மாமாவும் வந்திருந்தார். சட்டை போட்டுக்கொண்டு. கதவுக்குப் பின்னால் என்ன நடக்கிறது என்று எங்களுக்குத் தெரியாது. நான் அம்மனிடம் எதையும் கேட்கவில்லை. கேட்க வேண்டியதை ஊரே கேட்டாயிற்று.

ரொம்ப நேரம் கழித்து வெளியே வந்தாள். முகத்தைப் பார்த்து எதையும் கண்டுபிடிக்க முடியவில்லை. நேராக மாமாவிடம் வந்தாள்.

"நைனா, தண்ணி குடு. பேசிப் பேசித் தொண்டை காஞ்சுபோச்சு."

அவர் பாட்டில் மூடியைத் திறக்க முடியாமல் தடுமாறினார். கடைசியில் நான்தான் வாங்கித் திறந்து கொடுத்தேன்.

தேர்ச்சி பெற்றுவிட்டாள். மேலே படிக்க விண்ணப்பித்திருக்கிறாள். ஏரி வாயையும் சொல்லிவிடுகிறேன். வைகாசியில் ஊர் ஆண்கள் மண்வெட்டியோடு போய் வெட்டினார்கள், கடல் உள்ளே வந்தது. அவர்கள் வெட்டப் புறப்படுவதற்கு முன்னால் கோவிலில் பூசாரி என் வேண்டுதலைக் கேட்டபோது, "ஏரி வாய், சாமி, ஏரி வாய்" என்று இரண்டு தடவை விவரமாகச் சொன்னேன். எல்லோரும் சிரித்தார்கள், நித்யா எல்லோரையும் விட அதிகமாக.

அம்மனை நம்புகிற என் சகோதர சகோதரிகளே, இது பரீட்சை முடிகிற காலம். உங்கள் வீட்டிலும் ஒரு பிள்ளை புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்திருக்கலாம். "படிச்சியா, முடிச்சியா" என்று கேட்பதைக் கொஞ்சம் நிறுத்திவிட்டுப் பக்கத்தில் போய் உட்காருங்கள். தேவைப்பட்டால் டாக்டரிடம் கூட்டிப்போங்கள், அவர் சொல்வதைக் கேளுங்கள். அதோடு, அந்தப் பிள்ளைக்காகத் தாயைக் கூப்பிடுங்கள். என்ன கேட்பது, எப்படிக் கேட்பது என்று தெரியவில்லையே என்று தயங்காதீர்கள். நான் கேட்டதை ஒரு ஊரே தப்பாகப் புரிந்துகொண்டது. அம்மன் ஒருத்தி சரியாகப் புரிந்துகொண்டாள்.