மேசைக்கு வந்த முழங்கால்கள்

"மூணாவதா இறங்கறான் பாருங்க, நீலச் சட்டை. இடது முட்டி. மாடிப்படியில கைப்பிடி இல்லாம ஏற முடியாது அவனால." டிராமிலிருந்து இறங்கி அலுவலகத்துக்கு ஓடுகிறவர்களைப் பார்த்தபடி துஷ்மந்த பெஹெரா சொல்கிறார். யாரும் கேட்கவில்லை. அவருடைய கண் முகத்துக்கு ஏறுவதில்லை. இடுப்புக்குக் கீழேயே நடமாடுகிறது. ஒருமுறை கேண்டீன்காரர் பலாய் ஒரு டீ பந்தயம் கட்டி, நீலச் சட்டை மாதிரி ஒருவரை ஓடிப்போய் மறித்துக் கேட்டுவிட்டு வந்தார். வந்ததும் டீயை ஊற்றி நீட்டினார்.

கொல்கத்தா மைதானில் இருக்கும் எத்தனையோ கால்பந்து கிளப்புகளில் ஒன்று அது. பெயர் சொல்லப்போவதில்லை, ஆட்களின் பெயர்களையும் மாற்றியிருக்கிறேன். பச்சைப் பெயிண்ட் அடித்த மரச்சுவர், தகரக் கூரை, அதற்குக் கூடாரம் என்று பேர். பக்கத்து வங்கியில் இருபது வருஷமாக வேலை பார்ப்பதால் மதியம் அங்கேதான் எனக்கு ஸ்டூவும் ரொட்டியும். கேண்டீன் பெஞ்சுக்கும், ஆட்டக்காரர்களைப் படுக்கவைத்துப் பெஹெரா பிடித்துவிடும் மேசைக்கும் நடுவே ஒரு கான்வாஸ் திரைதான். அந்தப் பக்கம் பேசுவது இந்தப் பக்கம் ஸ்டூவில் விழும்.

கோடு போடுவது, புல் வெட்டுவது, பூட்ஸ் கழுவுவது, ஆட்டக்காரர்களின் உடம்பு பிடித்துவிடுவது, இது எல்லாவற்றுக்கும் சேர்த்து மைதானில் மாலி என்று ஒரே பெயர். மாலிகள் பெரும்பாலும் ஒடிசாக்காரர்கள். இவர் கேந்திரபாடா பக்கம். முப்பத்தொரு வருஷமாகக் கூடாரத்தின் பின்கட்டில் ஒரு கயிற்றுக் கட்டிலில் இருக்கிறார். ஊரில் ஆனி மாதம் ரஜ பண்டிகை வரும். பெண்கள் ஊஞ்சல் கட்டி ஆடுவார்கள். அதே மாதம் இங்கே லீக் ஆட்டம் தொடங்கிவிடும். கல்யாணமான புதிதில் மனைவி ஊஞ்சலாடியதை ஒரு தடவை பார்த்திருக்கிறார். இப்போது அவளுக்கும் முட்டி வலியாம். "போன்ல சொல்றா. போன்ல எப்படித் தொட்டுப் பாக்கறது?"

கையில் அப்படி ஒன்றும் விசேஷம் தெரியாது. குட்டையான விரல்கள், கட்டைவிரல் மட்டும் அகலம். கடுகெண்ணெயில் பூண்டு கறுக்கக் காய்ச்சித் தடவிக்கொண்டு, முழங்காலுக்கு மேலே நாலு விரல் வைப்பார். கண்ணை மூடமாட்டார், பெருமூச்சு விடமாட்டார். "நேத்து மோட்டார் பைக் ஓட்டினியா?" என்பார். ஓட்டியவன் ஒப்புக்கொள்வான்.

கிளப் செயலாளர் ஹிரண்மய் லாகிரி இந்தக் கையை வேறொரு காரியத்துக்கு வைத்திருந்தார். எந்த ஆட்டக்காரனோடும் புது ஒப்பந்தம் பேசுவதற்கு முன்னால், கையில் மடக்கிய குடையோடு திரை ஓரம் வந்து நிற்பார். "கை என்ன சொல்லுது, துஷோ?"

பதில் மூன்றில் ஒன்று. கல், மரம், மண். கல் என்றால் முட்டி உறுதி. மரம் என்றால் பார்த்துக்கொள்ள வேண்டும். மண் என்றால் முடிந்தது. பெஹெரா ஒரு சொல்லைச் சொல்லுவார். லாகிரி குடையால் தரையில் ஒரு தட்டுத் தட்டிவிட்டுப் போவார். எக்ஸ்ரேயை விட அவருக்கு இது பிடித்திருந்தது. எக்ஸ்ரேயை ஆட்டக்காரனும் பார்த்துவிடுவானே.

ஒப்பந்தம் முடியும் முன்னே புதுசாகப் பேசலாமா, கூடாதா? வருஷத்துக்கு இரண்டு தடவையாவது பெஞ்சில் இந்தச் சண்டை நடக்கும். "கையெழுத்து போட்டா போட்டதுதான். நடுவுல போயி இன்னும் குடுன்னா அது பிச்சை," என்பான் ஒருவன். "ஏன்டா, உன்னைத் தூக்கிப் போடணும்னா மட்டும் அவங்க தேதி பாத்துட்டா உட்காந்திருக்காங்க?" என்று இன்னொருவன். பலாய் கரண்டியோடு வந்து இரண்டு பேரையும் திட்டுவார். திரைக்குப் பின்னாலிருந்து பெஹெராவின் குரல் மட்டும் வரும்: "பேப்பர்ல தேதி போட்டிருக்கு. முட்டியில போடல." அவரிடம் எந்தப் பேப்பரும் கிடையாது. கேட்டபோதெல்லாம் லாகிரி தோளில் கை போட்டிருக்கிறார்: "நீ வீட்டு மனுஷன். வீட்டு மனுஷனுக்கு எதுக்குப்பா ஒப்பந்தம்?"

பதினோரு வருஷத்துக்கு முன் நிதாய் பிஸ்வாஸ் என்று ஒரு தடுப்பாட்டக்காரர் இருந்தார். ஒப்பந்தத்தில் எட்டு மாதம் மிச்சம் இருக்கும்போது, இப்போதே நீட்டித்துக் கொடுங்கள் என்று கேட்டார். லாகிரி திரை ஓரம் வந்தார். பெஹெரா உள்ளதைச் சொன்னார்: "மண்." அதன்பிறகு எட்டு மாதமும் நிதாய்க்கு ஒரே பதில்தான். "பேசுவோம் நிதாய், துர்கா பூஜை முடியட்டும்." பூஜை முடிந்தது. "புது வருஷம் வரட்டும்." வந்தது. தேதி முடிந்த மறுநாள் அவருடைய அலமாரிச் சாவியை வாங்கிக்கொண்டார்கள். இன்றைக்கு நிதாய் பாராசாத்தில் பேட்டரி ரிக்ஷா ஓட்டுகிறார். இறங்கும்போது காலைக் கையால் தூக்கி வைக்கிறார். மார்கழி வந்தால் புதுவெல்லம் போட்ட சந்தேஷ் இனிப்பு ஒரு பெட்டி எடுத்துக்கொண்டு கூடாரத்துக்கு வருவார். "கடைசி எட்டு மாசமும் ஒரு நாள் விடாம எனக்குப் பிடிச்சு விட்டது துஷோதா மட்டுந்தான்," என்று எல்லோரிடமும் சொல்வார். தா, தாதா என்றால் அங்கே அண்ணன். பெஹெரா பெட்டியை வாங்கிப் பலாயிடம் கொடுத்துவிடுவார். சர்க்கரை என்பார். அவருக்குச் சர்க்கரை இல்லை.

ஜிஷ்ணு மண்டல் வந்தது அதற்கு வெகுநாள் கழித்து. வலது ஓரத்தில் ஓடுகிற பையன், இருபத்து நாலு வயது, பசீர்ஹாட்காரன். அவனுடைய நல்ல வருஷத்தில் ஒரு பெரிய கிளப் கண் வைத்தது. ஒப்பந்தத்தில் இன்னும் பதினாலு மாதம் இருந்தது. லாகிரிக்கு அவசரம்: பழையதைக் கிழித்துவிட்டு மூன்று வருஷத்துக்குப் புதிதாகக் கையெழுத்து வாங்கினால், பெரிய கிளப்புக்கு நல்ல விலைக்கு விற்கலாம். ஜிஷ்ணுவுக்கு அவசரமில்லை: பதினாலு மாதம் பொறுத்தால் கிளப்புக்கு யாரும் விலை தராமலே வேறு இடம் போய்விடலாம். "வெயிட் பண்ணு, சும்மா வெளிய வந்துடலாம்னு சொல்றாங்க துஷோதா. என்ன சொல்றீங்க?" என்று மேசையில் குப்புறப் படுத்தபடி கேட்டான். திரைக்கு இந்தப் பக்கம் எனக்கு அது கேட்டது. கை நின்றுவிட்ட சத்தம்தான் கேட்டது. எண்ணெய்க் கையின் சத்தம் நின்றால் தெரியும்.

மண்.

அவனிடம் சொல்ல முடியாது. சொன்னால் டாக்டரிடம் ஓடுவான். கிளப் டாக்டர் லாகிரியின் மைத்துனர். மாலைக்குள் விஷயம் குடைக்காரர் காதுக்குப் போய்விடும். அப்புறம் மூன்று வருஷமும் இல்லை, பெரிய கிளப்பும் இல்லை. பதினாலு மாதம் கழித்து அலமாரிச் சாவிதான்.

அந்த வாரம் லாகிரி வந்தார். "கை என்ன சொல்லுது, துஷோ?"

"கல்லு, பாபு."

குடை தரையில் தட்டியது.

ஆனால் பையன் கையெழுத்துப் போடவேண்டுமே. இரண்டு நாள் கழித்து அவன் மனைவி சுதேஷ்ணா சாப்பாட்டுத் தூக்கோடு வந்தாள். தொடக்கப் பள்ளியில் பாடம் நடத்துகிறவள். பேச்சில் குழந்தைகளை அதட்டிய கரகரப்பு இருக்கும். பெஹெரா அவளைத் தம்பி மனைவி முறையில் பௌமா என்பார். வாசலில் மாலிகள் துவைத்த ஜெர்சிகள் கொடியில் காய்ந்துகொண்டிருந்தன.

"தாதா, நீங்களாவது சொல்லுங்க. காத்திருக்கேங்கறார். நான் போட்டுடுங்கன்னா, உனக்கு ஃபுட்பால் என்ன தெரியும்ங்கறார்."

பெஹெரா அவளைப் பார்க்கவில்லை. ஒவ்வொரு ஜெர்சியாக உருவித் தோளில் போட்டுக்கொண்டார். தண்ணீர் சொட்டியது.

"என்ன தாதா, இன்னும் ஈரமா இருக்கே?"

"மழை வரும் பௌமா. காயறவரைக்கும் பாத்துட்டு நிக்க முடியுமா?"

அவள் வானத்தைப் பார்த்தாள். மாசி மாத வெயில். ஒரு மேகம் இல்லை. பிறகு அவர் முகத்தைப் பார்த்தாள். தூக்கைப் பெஞ்சில் வைத்துவிட்டுப் போய்விட்டாள். மூன்று நாள் வீட்டில் அவள் வாயைத் திறக்கவில்லையாம். "ஸ்கூல்ல கத்திட்டு வந்து வீட்டுலயும் கத்தினாத் தாங்கிக்கலாம் பலாய்தா. பேசாம இருந்தா பயமா இருக்கு," என்று ஜிஷ்ணு ஸ்டூவைக் கிளறிக்கொண்டே புலம்பினான். நாலாம் நாள் கையெழுத்துப் போட்டான்.

பெரிய கிளப் விலை பேசி முடிப்பதற்குள் லீக் தொடங்கிவிட்டது. ஏழாவது ஆட்டத்தில், பக்கத்தில் ஒருவரும் இல்லாதபோது, திரும்புகையில் இடது முட்டி மடங்கி விழுந்தான். எழுந்திருக்கவில்லை. "ரெண்டு சீசன் தாங்கும்னு நெனச்சேன்," என்றார் பெஹெரா பிற்பாடு என்னிடம். "அந்த ஒண்ணுல கை தப்புதான்." இதைச் சொல்லிவிட்டு வெகுநேரம் கட்டைவிரலைத் தேய்த்துக்கொண்டிருந்தார்.

லாகிரி கத்தவில்லை. மேசை அருகே வந்து நின்றார். "துஷோ, அன்னிக்கு உன் கை என்ன சொல்லுச்சு?"

"கல்லுன்னு சொல்லுச்சு, பாபு."

"கல்லு."

"வயசாயிடுச்சு பாபு. மரத்துப்போச்சு போல. இப்பல்லாம் ஒண்ணும் தெரியல."

பொய் என்று தெரிந்திருந்தால் லாகிரி புது ஒப்பந்தத்தை ஏமாற்று வேலை என்று ரத்து செய்திருப்பார். ஆள் கிழவனாகிவிட்டான் என்று நம்புவதுதான் அவருக்கும் சுலபமாக இருந்தது. அடுத்த மாதம் டிப்ளமோ வாங்கிய பிசியோதெரபிஸ்ட் ஒருவர் வந்தார், மின்சாரக் கருவியும் நீலப் பந்துமாக. பெஹெராவை வேலையைவிட்டு எடுக்க அவரிடம் எந்தப் பேப்பரும் இல்லை, மேசையை எடுத்தார்கள். அதை இப்போது கேண்டீனில் காய்கறி நறுக்கப் போட்டிருக்கிறார் பலாய். பெஹெராவுக்கு மிச்சம் பூட்ஸும் சுண்ணாம்புக் கோடும்.

ஆபரேஷன் செலவு கிளப்புடையது. ஆடாத மாதங்களின் சம்பளமும் கிளப்புடையது. புதுப் பேப்பரில் அப்படித்தான் இருந்தது. ஜிஷ்ணு ஊன்றுகோலோடு முதல் தடவை கூடாரத்துக்கு வந்த அன்று மழை. படியில் வழுக்கப்போனவனைப் பிடிக்கப் பெஹெரா கை நீட்டினார்.

"தொடாத!" என்று ஜிஷ்ணு கத்தினான். கேண்டீன் முழுக்கத் திரும்பியது. "எத்தனை மாசம் இந்த முட்டியைப் பிடிச்ச? எண்ணெயத் தடவித் தடவி வெறும் பூரியா சுட்டுட்டு இருந்த? ஒரு வார்த்தை சொல்லியிருந்தா அன்னிக்கே டாக்டர்கிட்ட போயிருப்பேன்ல? பெரிய கிளப்ல ஆடிட்டு இருந்திருப்பேன்!"

பெஹெரா நீட்டிய கையை வேட்டியில் துடைத்துக்கொண்டார். பின்னால் சுதேஷ்ணா குடையோடு நின்றாள். லாகிரியின் அறைக் கதவு திறந்திருந்தது.

"விடுங்க. வயசானவர்கிட்ட கேட்டா மட்டும் என்ன வரப்போகுது," என்றாள் அவள், உள்ளே கேட்கும்படி. "கையில இப்ப ஒண்ணும் இல்ல. வாங்க போலாம்."

அவர்கள் போன பிறகு பெஹெரா சொன்னார்: "பௌமா கெட்டிக்காரி." குரலில் சந்தோஷம் இல்லை.

அந்த மார்கழியில் நிதாய் வந்தபோது இந்தக் கதை மைதான் முழுக்கப் பரவியிருந்தது. சந்தேஷ் பெட்டியை மேசையில் டொக்கென்று வைத்துவிட்டு, பெஞ்சில் இருந்த பையன்களோடு சண்டைக்கே நின்றுவிட்டார். "யாருடா சொன்னது துஷோதா கையில ஒண்ணும் இல்லேன்னு? பூஜை முடியட்டும், பூஜை முடியட்டும்னு அந்த லாகிரிக் கிழம் என்னை ஏமாத்திச்சே, அப்ப இந்தக் கிளப்புல எம் பக்கம் நின்ன ஒரே ஆளுடா இவரு! அந்த ஜிஷ்ணுவைக் கூப்பிடு. எங்கால்ல அடிச்சுச் சொல்றேன்!" என்று தன் கெட்டுப்போன முட்டியில் அறைந்தார்.

பெஹெரா எழுந்து வெளியே போனார். போகிற வழியில் சுண்ணாம்பு வாளியை எடுத்துக்கொண்டார். அன்றைக்கு ஆட்டம் இல்லை. ஆனாலும் நடுக்கோட்டை ஆரம்பம் முதல் போட்டார். போட்டதன் மேலேயே இன்னொரு தடவை போட்டார்.

போன ஆடியில் ஜிஷ்ணு மறுபடி பயிற்சிக்கு வந்துவிட்டான். முன்போல ஓட்டம் இல்லை. கடைசி இருபது நிமிஷத்துக்கு இறக்குகிறார்கள். பிசியோதெரபிஸ்ட் திருப்தியாக இருக்கிறார். ஒப்பந்தத்தில் இன்னும் ஒரு வருஷம் இருக்கிறது.

பயிற்சி முடிந்து சேறும் சகதியுமாகப் பூட்ஸைக் கழற்றி, பெஹெரா உட்கார்ந்திருந்த குழாயடிப் பக்கம் எறிந்துவிட்டுக் குளிக்கப் போனான். பெஹெரா அதைக் கழுவினார். இடது பூட்ஸைத் திருப்பி, அடியில் இருக்கும் குமிழ்களைக் கட்டைவிரலால் ஒவ்வொன்றாகத் தடவினார். உள்பக்கத்துக் குமிழ்கள் வழுவழுவென்று தேய்ந்திருந்தன; வெளிப்பக்கத்தவை புதிதாகவே இருந்தன. கால் உள்பக்கம் சாய்கிறது, பாரம் முட்டியில் விழுகிறது. குளியலறைப் பக்கம் ஒருமுறை பார்த்துக்கொண்டார். பிறகு பின்கட்டுக்குப் போய்ப் பழைய சைக்கிள் டியூபில் ஒரு துண்டு வெட்டிக்கொண்டு வந்தார். பூட்ஸின் உள்ளே கிடந்த மெத்தைத் தோலை நகத்தால் கிளப்பி, குதிகாலின் உள் ஓரத்தில் டியூப் துண்டைச் செருகினார். தடித்துத் தெரிந்தது, எடுத்து, ஒரு ஓரத்தைச் சீவி மறுபடி செருகினார். தோலைப் படியவைத்து, உள்ளே நாலு விரலை விட்டு வெகுநேரம் அழுத்திப் பார்த்தார். பிறகு ஜிஷ்ணு கட்டும் விதத்திலேயே, முடிச்சை இடதுபக்கம் ஒதுக்கி, நாடாவைக் கட்டி வைத்தார்.