மவுசுக்குச் சந்தனம்

எங்கள் அத்தைக்குக் கறுப்புத் திரைக் கம்ப்யூட்டர் என்றால் உயிர். அருப்புக்கோட்டையில் கடிதம் டைப் அடித்துக் கொடுக்கும் கடையில் வேலை. அந்தத் திரையில் அவள் ஒரு வார்த்தை அடிப்பாள், அது ஒரு வேலையை முடிக்கும். வீட்டில் யாரும் அவள் பேச்சை அப்படிக் கேட்டதில்லை.

தொண்ணூறுகளின் நடுவில் கடை அண்ணாச்சி அதைத் தூக்கிவிட்டு, படம் படமாகத் தெரிகிற புதுக் கம்ப்யூட்டரை வாங்கினார். கூடவே மவுசு. அத்தை ஒரு பக்கம் இழுத்தால் அம்பு வேறு பக்கம் ஓடியது. "விஜயதசமிக்குள்ள மவுசு பழகிருங்கம்மா. இல்லைன்னா வேற பிள்ளையத்தேன் பாக்கணும்" என்றார் அண்ணாச்சி. வேலை போனால் எங்கள் ஊர் பாலவனத்தத்தில் வீட்டோடு கிடக்கட்டும் என்று அப்பா காத்திருந்தார். அத்தை சரியாகச் சாப்பிடவே இல்லை.

ஆயுத பூசையன்று என்னையும் கடைக்குக் கூட்டிப்போனாள். பொட்டு வைக்கிற வேலை எனக்கு. விடுவேனா? மானிட்டர், கீபோர்டு, பிரிண்டர், எதையும் விடவில்லை. மவுசைப் புரட்டினால் அடியில் ஓர் உருண்டை. 'இது அத்தை பேச்சைக் கேக்கணும் சாமி' என்று வேண்டிக்கொண்டு, அதை உருட்டி உருட்டிச் சந்தனம் பூசினேன்.

மறுநாள் விஜயதசமிக்கும் அத்தையோடு போயிருந்தேன். நூல் வியாபாரி ஒருவர் அவசரமாக வந்தார். கடிதத்தோடு மதுரை பஸ்ஸைப் பிடிக்க வேண்டும். அண்ணாச்சி அத்தைக்குப் பின்னால் வந்து நின்றார். அம்பு அசையவில்லை. "தள்ளுங்க" என்று அவரே உட்கார்ந்து தேய் தேய் என்று தேய்த்தார். ம்ஹூம். நான் மெல்லப் பிரிண்டருக்குப் பின்னால் ஒதுங்கினேன்.

"ஒரு நிமிசம் அண்ணாச்சி" என்று அத்தை கீபோர்டை இழுத்தாள். எதையெதையோ அழுத்தினாள். படமெல்லாம் மறைந்து, பழைய கறுப்புத் திரை வந்து நின்றது. அப்புறம் அவள் விரலைப் பிடிக்க முடியுமா? தடதடவென்று தட்டினாள். பிரிண்டர் கர் கர்ரென்று கத்தியது. வியாபாரி தாளை வாங்கிக்கொண்டு பஸ்ஸுக்கு ஓடினார்.

"நல்லவேள, மானம் போகல" என்றார் அண்ணாச்சி. "மவுசு கெடக்கட்டும்மா. அது சரியாகுற வரைக்கும் நீங்க உங்க தோதுக்கே பாருங்க."

அப்பாடா! எனக்குப் போன உயிர் வந்தது.

அவர் டீ குடிக்கப் போனதும் அத்தை மவுசைப் புரட்டி உருண்டையைக் கழற்றினாள். உள்ளேயெல்லாம் காய்ந்த சந்தனம். என்னைப் பார்த்தாள். செத்தேன் என்று நினைத்தேன்.

"தொடச்சிரவா அத்தை?"

"வேணாம் தாயி. சாமிக்கு வச்சத நாம தொடைக்கலாமா?"

உருண்டையை அப்படியே போட்டு மூடிவிட்டாள். அத்தைக்குத்தான் எவ்வளவு பக்தி என்று நான் வீடு வரும்வரை மெச்சிக்கொண்டே வந்தேன்.