கழற்றிய தாழ்ப்பாள்

போர்ட் பிளேரில் கேமராவும் பூட்டும் விற்கும் எங்கள் கடைக்கு அவர் கப்பல் சீருடையோடுதான் வந்தார். பேச்சின் நடுவே போனைத் தலைக்கு மேல் தூக்கி, சிக்னல் இருக்கிறதா என்று பார்ப்பார். கரையில் நிற்கும்போதும் அந்தப் பழக்கம் அவரை விடவில்லை.

ஊருக்குள் பத்துபஸ்தியில் இருக்கும் வீட்டில் அவர் மனைவி தனியாக இருந்தார். அந்த அம்மாவுக்கு வலிப்பு வரும். மதியம் கப்பல் கிளம்புவதற்குள் கேமராவா, கதவுப் பூட்டைப் போனில் திறக்கும் ஸ்மார்ட் ஹப்பா என்று முடிவு செய்தாக வேண்டும்.

கேமராவைக் காட்டினேன்.

"கடலுக்குள்ள போயிட்டா போன் வெறும் டப்பா தம்பி. அவ விழுந்தா யாரு பார்க்கிறது?"

"அப்ப ஹப் வாங்குங்கண்ணே. பக்கத்து வீட்டுக்காரங்க அவங்க போன்லயே பூட்டைத் திறந்துடலாம். உள்ள தாழ்ப்பாள் போட்டிருந்தா மட்டும் ஒண்ணும் செய்ய முடியாது."

அவர் பாக்கெட்டிலிருந்து துருப்பிடித்த தாழ்ப்பாள் ஒன்றை எடுத்து மேஜையில் வைத்தார்.

"தனியா இருக்கப் பயந்து இதைப் போட்டுக்குவா. காலைல கழட்டிட்டேன். பக்கத்து வீட்டு தீதி, அந்த அக்காகிட்ட சொல்லியாச்சு. டீக் ஹை, ஹப்பையே மாட்டிடு."

மாலையில் அதை மாட்டப் போய்க் கதவைத் தட்டினேன். உள்ளே கனமான எதையோ இழுக்கும் சத்தம் வெகுநேரம் கேட்டது. அவர் மனைவி கதவைத் திறந்தபோது, அதற்கு முட்டுக் கொடுத்திருந்த சாப்பாட்டு மேஜை பின்னால் நகர்ந்து நின்றது.

வாசலுக்கு வந்து கப்பலில் போனவரைப் போனில் அழைத்தேன். தொடர்பு கிடைக்கவில்லை. என்னையறியாமல் போனைத் தலைக்கு மேல் தூக்கிப் பார்த்தேன்.