இருபத்திரண்டு பிள்ளைகளும் வேலூர்க் கோட்டையும்

சின்னப் பிள்ளைகளுக்கு வாத்தியார் வேலை பார்ப்பதில் பாடம் சொல்லித் தருவதுதான் ரொம்பச் சுலபம். கஷ்டமெல்லாம் அவர்களைப் பள்ளிக்கூட வாசலைத் தாண்டி அழைத்துப் போகும்போதுதான் ஆரம்பிக்கிறது. ஐந்து வயதுப் பிள்ளை ஒன்றைக் கையில் பிடித்துக்கொண்டு சந்தைக்குப் போய்வந்தவர்களுக்கு நான் சொல்வது விளங்கும். நான் அழைத்துப் போனது இருபத்திரண்டு. வெள்ளைக்கார சர்க்கார் காலம். ஆம்பூரில், தோல் பதனிடுகிற ஷாப்புகளில் வேலை செய்கிறவர்களின் பிள்ளைகள் படிக்கிற பள்ளிக்கூடம். ஒன்றாம் வகுப்பு என் பொறுப்பு.

மூன்று நடை

வாசகப் புத்தகத்தில் 'கோட்டை' என்று ஒரு சொல் வந்தது. கோட்டை என்றால் என்ன என்று கேட்டேன். ஒருத்தன் கொட்டாய் என்றான். இன்னொருத்தி நெல் மூட்டை என்றாள். முப்பது மைலுக்குள், வேலூரில், அவ்வளவு பெரிய கோட்டை இருக்கிறது, இவர்கள் அதைப் பார்க்காமல் எழுத்துக்கூட்டிப் படித்து என்ன பயன்? அழைத்துப் போவது என்று அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன்.

தலைமை ஆசிரியர், வீட்டில் சம்மதித்தால் போகலாம் என்றார். சம்மதிக்க மாட்டார்கள் என்ற தைரியம் அவருக்கு. வீடு வீடாகப் போனேன். என் வகுப்பு அஞ்சலையின் அம்மா கண்ணம்மா மட்டும் அசையவில்லை. தோல் ஊற வைக்கிற தொட்டியில் நாளெல்லாம் நின்று வேலை செய்கிறவள். கோட்டையைச் சுற்றி இருக்கிற அகழியில் முதலை உண்டு என்று யாரோ சொல்லியிருந்தார்கள். "அந்தக் காலத்துக் கதை அது" என்றேன். "முதலைக்கு அந்தக் காலம் இந்தக் காலம் தெரியுமா?" என்று கதவைச் சாத்தினாள். மறுநாள் போனேன், வீட்டில் இல்லை. மூன்றாம் நாள் அவள் வேலை முடிந்து வருகிற வழியில் போய் நின்றேன். என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

"எத்தினி பேரைக் கூட்டினு போறீங்களோ அத்தினி பேரைக் கூட்டினு வாங்க. ஒண்ணு கம்மியா இருந்தா நீங்களும் அங்கியே இருந்துடுங்க."

ரயிலில் ஒரு வாசனை

துணைக்கு டிரில் வாத்தியார் சாமுவேல் வந்தார். நீளமான கயிறு ஒன்றில் இருபத்திரண்டு முடிச்சுப் போட்டு, ஆளுக்கொரு முடிச்சைப் பிடித்துக்கொள்ளச் சொன்னேன். முன்னால் நான், பின்னால் அவர். ஸ்டேஷனில் எல்லோரும் வேடிக்கை பார்த்தார்கள். ரயில் ஏறியதும், ஜரிகை அங்கவஸ்திரம் போட்ட ஒரு பெரியவர் மூக்கைப் பொத்திக்கொண்டார். "இன்னா நாத்தம் இது? எங்கேர்ந்து வருது?" என்று எங்களைப் பார்த்தே கேட்டார்.

எனக்கு முகம் சூடேறியது. பிள்ளைகளை விடியற்காலையில் குளிப்பாட்டித்தான் அனுப்பியிருந்தார்கள். ஆனால் ஆவாரம்பட்டையும் சுண்ணாம்பும் பச்சைத் தோலும் கலந்த வாசனை சோப்புக்குப் போகிறதா? துணியிலேயே ஊறியிருக்கும். நான் பதில் தேடிக்கொண்டிருந்தபோது, ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த ரோசி திரும்பி, அவர் காலையே கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு மரியாதையாகவே சொன்னாள்.

"தோல் ஷாப்பு வாசனைங்க அது. உங்க செருப்புகூட எங்க ஊர்ல இருந்துட்டுதான் வந்திருக்கும்."

இருபத்தொன்று

காட்பாடியில் வண்டி மாறி, வேலூர் கன்டோன்மென்ட் ஸ்டேஷனில் இறங்கி, கோட்டைக்கு நடந்தே போனோம். அகழியைப் பார்த்ததும் அத்தனை பேரும் கயிற்றை விட்டுவிட்டார்கள். அவ்வளவு தண்ணீரை ஒரே இடத்தில் அவர்கள் பார்த்ததில்லை. பாலாற்றில் மழைக்காலம் போனால் மணல்தானே.

பாலம் தாண்டி உள்ளே போனதும் எண்ணினேன். இருபத்தொன்று. சாமுவேல் எண்ணினார். இருபத்து மூன்று. கோட்டைக்குள் குடியிருக்கிற போலீஸ்காரர் வீட்டுப் பிள்ளைகள் இரண்டு வேடிக்கை பார்க்க வந்து வரிசையில் நின்றிருந்தன. அவர்களை விலக்கி மறுபடி எண்ணினோம். இருபத்தொன்றுதான். ரோசி இல்லை.

பிள்ளைகளை ஒரு மரத்தடியில் உட்கார வைத்து, சாமுவேலைக் காவலுக்கு நிறுத்திவிட்டு ஓடினேன். பாலத்தில் அவள் இல்லை. தண்ணீரைப் பார்க்கப் பயந்துகொண்டே எட்டிப் பார்த்தேன். ஒன்றும் அசையவில்லை. பெயர் சொல்லிக் கூப்பிட்டேன். சுவரோரமாகவே நடந்து வளைவு திரும்பினால், கரைச்சுவரில் குப்புறப் படுத்துக் கன்னத்தில் கை வைத்து அவள் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருக்கிறாள். காலைப் பிடித்து இழுத்தேன். அடிக்கக் கை ஓங்கிய நான், அவளை அணைத்துக்கொண்டு அழுதுவிட்டேன். அவளுக்குத்தான் கோபம்.

"சத்தம் போடாதீங்க டீச்சர். முதலை வர்ற நேரம்."

கழற்ற வேண்டியது

கோட்டைக்குள் பெரிய கோயில் இருக்கிறது. அப்போது உள்ளே சாமி கிடையாது, பூசை கிடையாது, சர்க்கார் பாதுகாக்கிற கட்டடம். கோபுர வாசலில் கயிறு இழுபட்டது. திரும்பினேன். முதல் முடிச்சைப் பிடித்திருந்த அஞ்சலை நின்றுவிட்டாள். அவளுக்குப் பின்னால் வரிசை முழுக்க நின்றுவிட்டது. யாரும் சொல்லவில்லை, தானாகவே.

"நாங்க உள்ள வரக்கூடாது டீச்சர். ஊர்ல வுடமாட்டாங்க" என்றாள்.

கோட்டை என்ற சொல்லை விளங்க வைக்கத்தான் நான் வந்தேன். இந்தப் பாடம் நான் சொல்லித்தராமலே அவளுக்கு ஆறு வயதில் மனப்பாடமாக இருந்தது. தூண் நிழலில் நின்ற ஒரு கனவான் வேறு, "அதுக்கே தெரியுது பாருங்கோ" என்றார். என் செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, அஞ்சலையின் கையைப் பிடித்துக்கொண்டு, சாவிக்கொத்தோடு உட்கார்ந்திருந்த காவல்காரரிடம் போனேன். "இந்தப் பிள்ளைகள் உள்ளே போகக்கூடாது என்று சட்டம் ஏதாவது இருக்கிறதா?" என்று எல்லோருக்கும் கேட்கிற மாதிரி கேட்டேன்.

அவர் எழுந்து வந்தார். தாடியைத் தடவிக்கொண்டார். "செருப்பைக் கழட்டணும். அது ஒண்ணுதான் சட்டம்" என்று சொல்லிக்கொண்டே குனிந்து வரிசையைப் பார்த்தார். நாட்டுக்கெல்லாம் தோல் அனுப்புகிற ஊர்ப் பிள்ளைகள். நாற்பத்து நான்கு காலிலும் ஒரு செருப்பு இல்லை. பிறகு வழியை விட்டு விலகி நின்றார்.

"கழட்டறதுக்கு உங்ககிட்ட ஒண்ணுமே இல்லியே கண்ணுங்களா. தாராளமா போங்க."

சிலேட்டில் ஒரு வாசல்

உள்ளே போன பிறகு கயிறு யார் கையிலும் இல்லை. கல் குதிரைகளின் வயிற்றுக்கடியில் புகுந்து புகுந்து வந்தார்கள். மண்டபம் முழுக்க அவர்கள் சத்தம்தான். வீடு திரும்பும்போது இருபத்திரண்டும் இருந்தன; கயிறு மட்டும் காணாமல் போயிருந்தது.

திங்கட்கிழமை, கோட்டையைச் சிலேட்டில் வரையச் சொன்னேன். ரயில் எஞ்சின் ஒன்பது, முதலை ஆறு, காவல்காரர் தாடி மூன்று, மிச்சம் எதுவென்று தெரியவில்லை. அஞ்சலை, சிலேட்டு முழுக்க ஒரே ஒரு வாசல் வரைந்திருந்தாள். "கோட்டை எங்கே?" என்றேன். இதுகூடத் தெரியாதா என்பதுபோல் பார்த்தாள்.

"உள்ள இருக்குது டீச்சர். தொறந்துதான் கெடக்குது, போய்ப் பாருங்க."

அதற்குப் பிறகு பதினொரு முறை பிள்ளைகளோடு அந்தக் கோட்டைக்குப் போயிருக்கிறேன். தலைகளை எண்ணிக்கொண்டே இருந்ததில், கோட்டையை நிமிர்ந்து பார்க்கத்தான் எனக்கு இன்னும் நேரம் கிடைக்கவில்லை.