மின்சார லோடு வண்டியும் பதினாறு மூட்டையும்

சத்தம் போடாமல் ஒரு லோடு வண்டி வாசலுக்கு வந்து நின்றதில்தான் என் சந்தேகம் தொடங்கியது. தம்பியின் டீசல் வண்டி தெருமுனையில் திரும்பும்போதே எங்கள் வீட்டு நாய் எழுந்து நின்றுவிடும். அன்று, தை மாதத்துப் புதன்கிழமை காலை எட்டு இருபதுக்கு, அந்த வெள்ளை வண்டி பின்னோக்கி வந்து வைக்கோல் போரை ஒட்டி நின்ற பிறகும் நாய் படுத்தே கிடந்தது. வருவது தெரியாமல் வரும் எதையும் நான் இரண்டு முறை பார்ப்பேன்.

பாபநாசத்துக்குப் பக்கத்துக் கிராமம் எங்களுடையது. நான் ஒரு பள்ளியில் ஆய்வக உதவியாளர். கணவர் வளைகுடாவில் வேலை பார்ப்பதால் நிலத்தைக் கவனிப்பதும் நான்தான். இருபத்தாறு ஆண்டுகளாக நாட்குறிப்பு எழுதுகிறேன். நானே பார்த்ததைப் பேனாவிலும், பிறர் சொன்னதைப் பென்சிலிலும் எழுதுவது வழக்கம். சொன்னது உண்மையென்று பின்னால் தெரிந்தால் பென்சில் எழுத்தின்மேல் பேனாவை ஓட்டுவேன். பழைய நோட்டுகளைப் புரட்டினால் பென்சிலாகவே நின்றுபோனவைதான் அதிகம்.

வண்டியிலிருந்து இறங்கியது இரண்டு பேர். ஒருவன் என் தம்பி. இன்னொருவர் வண்டி விற்பனை நிலையத்தின் பிரதிநிதி, முப்பது வயதுக்குள் இருக்கும், மடிப்புக் கலையாத சட்டை.

தம்பிக்கு லோடு வண்டிதான் பிழைப்பு. அவனுடைய டீசல் வண்டிக்கு அந்த மாதக் கடைசியில் எஃப்.சி. முடிகிறது. தகுதிச் சான்று வாங்க வேண்டுமானால் தகர வேலை, பெயிண்ட், டயர் என்று கொஞ்சமாக முடியாது. அதற்குப் பதில் பழைய வண்டியைக் கொடுத்துவிட்டு மின்சார வண்டியை எடுத்துக்கொள்ளுங்கள் என்று அந்தப் பிரதிநிதி அவனைப் பிடித்திருந்தார். சனிக்கிழமைக்குள் முடிவு சொல்ல வேண்டும். சம்பா அறுவடை அப்போதுதான் சூடு பிடித்திருந்தது. இந்த இரண்டு மாத ஓட்டத்தில்தான் அவன் வருடம் முழுவதும் சாப்பிட வேண்டும். தப்பான வண்டியோடு இந்த அறுவடையில் மாட்டிக்கொண்டால் அடுத்த தை வரைக்கும் எழுந்திருக்க முடியாது.

“நீ பாத்துச் சொல்லுக்கா. நான் பாத்தா ஆசையா இருக்கு. ஆசையா இருக்கும்போது நான் எதையும் பாக்கறதில்ல” என்றான்.

பிரதிநிதிக்கு மோர் கொடுத்துவிட்டு நோட்டை எடுத்து வந்தேன். பென்சிலைச் சீவியதைப் பார்த்து அவர் கொஞ்சம் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

“முழு சார்ஜுக்கு எவ்வளவு தூரம் போகும்?”

“நூத்தியிருபது கிலோமீட்டர் மேடம். கண்ண மூடிக்கிட்டுப் போலாம்.”

“கண்ணத் திறந்துகிட்டுப் போனா?”

“அதே நூத்தியிருபதுதான் மேடம்.” அவர் சிரிக்கவில்லை. அது எனக்குப் பிடித்தது.

விலை கேட்டேன். துண்டுப் பிரசுரத்தில் ஒரு விலை இருந்தது. கொட்டேஷனில் வேறொன்று. வாயால் சொன்னது மூன்றாவது. மானியம் போக என்றார். மானியம் யார் கையில் வரும், எப்போது வரும் என்றதற்கு, “வந்துடும் மேடம்” என்றார். வந்துடும் என்ற சொல்லைப் பென்சிலில் எழுதி அடியில் கோடு போட்டேன். மூன்றில் எந்த விலையை எடுத்தாலும், புது டீசல் வண்டியைவிட அது கணிசமாக அதிகம்.

“விலை குறையாதா?”

“கண்டிப்பாக் குறையும் மேடம். அடுத்த வருஷமே சின்ன மாடல் ஒண்ணு வருது. எல்லாரும் வாங்கற விலையில.”

“அப்போ இவன் எதுக்கு இந்த வருஷம் வாங்கணும்?”

அவர் தம்பியைப் பார்த்தார். தம்பி நாயைப் பார்த்தான்.

ஓட்டச் செலவுக் கணக்கு இன்னும் விசித்திரம். கிலோமீட்டருக்கு இவ்வளவுதான் என்று அவர் காட்டிய தாளில், சார்ஜ் போடும் செலவுக்கு நேரே வெறும் கோடு இருந்தது. ஏன் என்று கேட்டதும் குரலைத் தாழ்த்தினார். “உங்களுக்குத்தான் வயல்ல மோட்டார் கொட்டகை இருக்கே மேடம். அந்தக் கரெண்ட்டு ஃப்ரீதானே?”

“அது பயிருக்குத் தண்ணி இறைக்கக் குடுத்த கரெண்ட்டு. வண்டிக்குப் போட்டா லைன்மேன் வந்து ஃபீஸ் கேரியரைப் பிடுங்கிட்டுப் போயிடுவார். அப்புறம் பயிரும் போச்சு, வண்டியும் போச்சு.”

“எல்லாரும் போடறாங்க மேடம்.”

எல்லாரும் என்பதையும் பென்சிலில் எழுதினேன். திருட்டு மின்சாரத்தைச் சேர்த்தால்தான் கட்டுபடியாகும் வண்டியை மலிவான வண்டி என்று எப்படிச் சொல்வது? வீட்டு மீட்டரில் போட்டால் என்ன ஆகும் என்று நானே போட்டுப் பார்த்தேன். அப்போதும் டீசலைவிடக் குறைவாகத்தான் வந்தது. உண்மையே போதுமானதாக இருக்கும்போது இவர் எதற்குப் பொய்யைச் சேர்க்கிறார் என்று என் சந்தேகம் இன்னும் வலுத்தது.

கடைசியில் நான் கேட்டது ஒன்றுதான். வண்டியை எங்களிடம் விட்டுவிட்டுப் போக வேண்டும். நாங்களே லோடு ஏற்றி ஓட்டிப் பார்ப்போம். அவர் போனில் யாரிடமோ பேசிவிட்டு, வெள்ளிக்கிழமை வரை வைத்துக்கொள்ளச் சொன்னார்.

எங்கள் நெல்லில் பெரும்பகுதி கொள்முதல் நிலையத்துக்குப் போய்விடும். பழைய ரகம் ஒன்றை மட்டும் தனியாகப் போட்டு, மயிலாடுதுறையில் ஓர் ஆலைக்காரருக்கு ஆண்டுதோறும் கொடுக்கிறேன். அந்த ஆண்டு நாற்பத்து நான்கு மூட்டை. மூட்டைக்கு அறுபத்திரண்டு கிலோ. கும்பகோணம், ஆடுதுறை வழியாக ஆலை ஐம்பது கிலோமீட்டர், போய் வர நூறு. சொன்ன தூரத்தைச் சோதிக்க இதைவிட நல்ல வழி கிடைக்காது.

வியாழன் காலை களத்தில் மூட்டை தூக்க நான்கு பேர் வந்தார்கள். அவர்களில் மூத்தவர் வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்து கதவைத் தட்டிப் பார்த்தார். நான் பள்ளியில் வேலை பார்ப்பதால் அவருக்கு நான் டீச்சரம்மா.

“டீச்சரம்மா, இது ஓடுதா நிக்குதான்னே தெரியலயே. ஃபிரிட்ஜுக்குச் சக்கரம் வச்சிட்டாங்களா?”

“ஃபிரிட்ஜாவது உர்ருன்னு சத்தம் போடும்ணே” என்றான் தம்பி.

எங்கள் பக்கத்தில் லோடு வண்டிக்கு வாடகை நடைக்குத்தான், எடைக்கு அல்ல. ஒரு நடைக்கு இவ்வளவு என்று பேசிவிட்டால், வண்டி தாங்கும் மட்டும் ஏற்றுவது ஏற்றுகிறவர் பாடு. அதிலும் முதல் நடையில் முடிந்தவரை ஏற்றிவிடுவோம். இரண்டாவது நடைக்குள் மழை வரலாம், ஆள் வராமல் போகலாம். ஓட்டுகிறவனும் வாய் திறக்க மாட்டான். திறந்தால் அடுத்த தடவை வேறு வண்டியைக் கூப்பிட்டுவிடுவார்கள்.

மூட்டைகள் ஏறின. நான் எண்ணிக்கொண்டிருந்தேன். இருபத்திரண்டில் தம்பி பின்சக்கரத்தைக் குனிந்து பார்த்தான். இருபத்தெட்டானதும் மூத்தவர் கயிற்றை எடுத்தார். பேட்டரி நூறு சதவீதம். காலை ஒன்பது ஐந்து. பேனாவால் எழுதிக்கொண்டு தம்பிக்குப் பக்கத்தில் ஏறி உட்கார்ந்தேன்.

வண்டி நன்றாகத்தான் இழுத்தது. அதைச் சொல்லாமல் விட்டால் அநியாயம். ஆற்றுப்பாலத்து மேட்டில் டீசல் வண்டி முனகும் இடத்தில் இது வழுக்கிக்கொண்டு ஏறியது. தம்பியின் முகத்தை நான் பார்க்காமல் இருந்திருக்கலாம். கல்யாண வீட்டில் முதல் பந்தியில் உட்கார்ந்தவன் முகம்.

கும்பகோணத்தில் எண்பது. ஆடுதுறையில் அறுபத்தொன்று. குத்தாலம் தாண்டியதும் எண்கள் விழுவதை என் கண்ணாலேயே பார்த்தேன். ஆலை வாசலில் முப்பத்தொன்று.

“பாதி தூரத்துக்கு அறுபத்தொம்போது” என்றேன்.

“திரும்பும்போது காலி வண்டிதானேக்கா. குறைவாத்தான் குடிக்கும்.”

குறைவாகத்தான் குடித்தது. ஆனாலும் கும்பகோணம் ஊருக்குள் நுழையும்போது எட்டுக்கு வந்துவிட்டது. திரையில் ஆமைப் படம் ஒன்று தோன்றியது. வண்டியும் ஆமைபோல் நகர்ந்தது. பின்னால் வந்த பேருந்து ஹாரன் அடித்தே எங்களை ஓரத்துக்குத் தள்ளியது. தம்பிக்குத் தெரிந்த பஞ்சர் கடையில் நிறுத்தி, கெஞ்சி, அவருடைய பிளக்கில் சொருகினோம்.

“என்ன தம்பி, குளுக்கோஸ் ஏத்துறியா?” என்றார் கடைக்காரர். “டிஸ்சார்ஜ் எப்ப?”

இரண்டு மணி பத்து நிமிடம் அந்தக் கடையின் டயர்மேல் உட்கார்ந்திருந்தேன். சொன்ன தூரம் வரவில்லை, பிரதிநிதி சொன்னது பொய் என்று பேனாவால் எழுதினேன். என் சந்தேகம் சரியாகப் போனதில் எனக்குக் கொஞ்சம் திருப்திகூட இருந்தது. தம்பி டீ வாங்கிக் கொடுத்துவிட்டுத் தள்ளி நின்று வண்டியையே பார்த்துக்கொண்டிருந்தான்.

வீட்டுக்கு வந்து, வழியில் கிறுக்கியதை நாட்குறிப்பின் அடுத்த பக்கத்தில் நல்ல கையெழுத்தில் எழுத உட்கார்ந்தேன். நேரம், இடம், சதவீதம், சுமை என்று பத்தி பிரித்தேன். சுமைக்கு நேரே இருபத்தெட்டு மூட்டை என்று எழுதியதும், ஆய்வகப் பழக்கத்தில் கிலோவுக்கு மாற்றினேன். ஆயிரத்து எழுநூற்று முப்பத்தாறு. துண்டுப் பிரசுரத்தை எடுத்துப் பார்த்தேன். ஏற்றக்கூடிய சுமை ஆயிரம் கிலோ. விலைக்கும் தூரத்துக்கும் இடையில் அதே எழுத்து அளவில் அச்சாகியிருந்தது. ஒளித்து வைக்கவில்லை. நான்தான் விலையை மூன்று முறை படித்துவிட்டு அந்த வரியைத் தாண்டிப் போயிருக்கிறேன்.

பள்ளியில் தராசுத் தட்டில் கைவைத்துக்கொண்டு எடை பார்க்கும் பிள்ளைகளை நான் வெளியே அனுப்பியிருக்கிறேன். களத்தில் நின்று ஒவ்வொரு மூட்டையையும் எண்ணியவள் நான். பதினாறோடு ஒரு டன் முடிந்தது என்பது தோன்றவே இல்லை. சந்தேகிக்கப்பட வேண்டியவர்கள் பட்டியலில் என்னைச் சேர்க்க மறந்திருந்தேன்.

மிச்சம் இருந்தது பதினாறு மூட்டை. இது தற்செயல்தான். வெள்ளிக்கிழமை அதை மட்டும் ஏற்றிக்கொண்டு அதே சாலையில் போனோம். ஆலை வாசலில் நாற்பத்தேழு. எங்கும் நிற்காமல் வீடு திரும்பியபோது பதின்மூன்று. அந்தக் கணக்கில் முழு சார்ஜுக்கு நூற்றுப் பதினைந்து கிலோமீட்டர். ஐந்து கிலோமீட்டரை நான் மன்னிக்கலாம். முந்தின நாள் பேனாவில் எழுதிய பொய் என்ற சொல்லை அடித்தேன். என் நாட்குறிப்பில் பேனா எழுத்து அடிபடுவது அபூர்வம்.

“அவர் சொன்ன தூரம் உண்மைதான்” என்றேன் தம்பியிடம்.

அவன் சந்தோஷப்படுவான் என்று நினைத்தேன். வண்டியின் பின்கதவில் சாய்ந்து நின்றான். “உண்மைதான்க்கா. ஆனா பதினாறு மூட்டை ஏத்துற வண்டிய இங்க எவன் கூப்பிடுவான்? பக்கத்து வண்டிக்காரன் அதே வாடகைக்கு முப்பது ஏத்துறான்.”

“வாடகையைக் குறைச்சுக்கோ.”

“குறைச்சா இந்த வண்டி விலைக்குத் தவணை யாரு கட்டுறது?” என் பக்கம் திரும்பிக் கேட்டான்: “நீ கூப்பிடுவியா? நேத்து நீதானே நின்னு எண்ணின. இருபத்திரண்டுல நான் குனிஞ்சு டயரப் பாத்தேன். நீ இருபத்திமூணுன்னு சொன்ன.”

அவன் குனிந்ததை நான் பார்த்திருந்தேன். ஆனால் எழுதவில்லை.

சனிக்கிழமை பிரதிநிதி வந்தார். வண்டி சொன்னபடி ஓடியது என்று நான் சொன்னதும் அவர்தான் என்னைச் சந்தேகத்தோடு பார்த்தார். தம்பி சாவியைத் திருப்பிக் கொடுத்தான்.

“சார், டீசலுக்கே எஃப்.சி. காட்டிக்கறேன். உங்க வண்டி நல்ல வண்டி. எங்க ஊரு லோடுதான் சரியில்ல.”

“அடுத்த வருஷம் விலை குறைஞ்சா?”

“குறைஞ்சா பதினாறு மூட்டைக்கும் கட்டுபடியாகும். அப்ப வாங்க.”

வாசல் வரை போய் நான் மெதுவாகக் கேட்டேன். “அந்தச் சின்ன மாடல் நிஜமாவே வருதா?”

“எனக்கு மேல இருக்கறவங்க சொல்றாங்க மேடம்” என்றார். முதல் முறையாக அவர் சொன்னதைச் சந்தேகம் இல்லாமல் கேட்டேன். வண்டி சத்தமில்லாமல் போயிற்று. இந்தத் தடவை நாய் தலையை மட்டும் தூக்கிப் பார்த்தது.

தம்பி அன்று மதியமே டீசல் வண்டியைத் தகர வேலைக்கு விட்டான். எஃப்.சி. கிடைத்து அது களத்துக்கு வர ஒன்பது நாள் ஆனது. அறுவடையில் ஒன்பது நாள் போனாலும், மீதியை ஓட்டிவிட்டான்.

அன்று டீசல் வண்டி பட்டறைக்குக் கிளம்புமுன் அவனிடம் சொன்னேன்: “அந்தக் கரெண்ட்டு வண்டிய நீ எப்ப எடுத்தாலும் என் நெல்லுக்குப் பதினாறுதான். மூணு நடை ஆனாலும் பரவாயில்ல. மூணுக்கும் வாடகை தரேன்.”

“மழை வர்ற மாதிரி இருந்தாலுமா?”

“இருந்தாலும்.”

அவன் சிரித்துக்கொண்டே கியரைப் போட்டான். உள்ளே வந்து அந்த வாக்கை, தேதியோடு, நாட்குறிப்பில் எழுதினேன். பென்சிலில்தான்.